பேர் தெரியாத பேப்பர்

2019 ஜூன் மாதம் மகாராஷ்டிரத்தில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோது மும்பையில் பெரிய கூச்சல் எழுந்தது. முந்தைய ஆண்டு 89.41 சதவீதமாக இருந்த தேர்ச்சி ஒரே ஆண்டில் 77.10க்கு விழுந்திருந்தது. பாடத்திட்டம் புதிது, அது ஒரு காரணம். ஆனால் எல்லோர் வாயிலும் இருந்தது இன்னொரு காரணம். மொழிப் பாடங்களிலும் சமூக அறிவியலிலும் பள்ளிக்கூடமே போட்டுக்கொடுக்கும் 20 மார்க்கை அந்த ஆண்டு எடுத்துவிட்டிருந்தார்கள். சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு இன்டர்னல் மார்க் அப்படியே இருக்க, ஸ்டேட் போர்டு பிள்ளைகள் மட்டும் பதினோராம் வகுப்பு அட்மிஷனில் பின்தங்க வேண்டுமா என்று பெற்றோர் கொதித்தார்கள். அரசு இறங்கி வந்தது, 20 மார்க் திரும்பி வந்தது. 2020இல் தேர்ச்சி 95.30 சதவீதம்.

அந்த 20 மார்க் வேண்டுமா வேண்டாமா என்று ஊரே பேசியது. அதை யார் போடுகிறார்கள், யாரைப் பார்த்து எவ்வளவு போடுகிறார்கள் என்ற பேச்சு மட்டும் எழவே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நான் பல வருஷம் மும்பைப் பள்ளிகளில் சயின்ஸ் டீச்சராக இருந்தவள், இப்போது தாராவியில் மாலையில் க்ளாஸ் எடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் லேபர் கேம்ப், கிராஸ் ரோடு, 90 அடி சாலைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். மீதிப் பேர் சயனிலும் மாட்டுங்காவிலும் அடுக்குமாடிக் கட்டடங்களில் இருந்து வருகிறவர்கள், அவர்களிலும் தமிழர்கள் நிறைய. ஒரே பள்ளி, ஒரே டிவிஷன், ஒரே டீச்சர், ஒரே கேள்வித்தாள். இரண்டு தரப்பினரின் விடைத்தாள்களும் என் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து விழும்.

பத்தாம் வகுப்பின் இன்டர்னல் மார்க்கில் பெரிய பாரபட்சம் நடப்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளியின் பெயர் அந்த ரிசல்ட்டில் இருக்கிறது. அதனால் பெரும்பாலான பள்ளிகள் எல்லோருக்கும் 17, 18, 19 என்று தாராளமாகவே போட்டுவிடுகின்றன. போர்டு எழுத்துத் தேர்விலோ விடைத்தாளில் பார்கோட் ஸ்டிக்கர் இருக்கும். திருத்துகிறவருக்கு அது யார் பிள்ளை என்று தெரியாது. ஆக, ஊர் முழுக்கப் பார்க்கும் அந்த ஒரு வருஷம் ஓரளவு பத்திரமானது.

சிக்கல் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது. அங்கே கேள்வி எடுப்பது, திருத்துவது, பாஸ் ஃபெயில் சொல்வது எல்லாம் அதே பள்ளி, அதே டீச்சர். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று மும்பையில் பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். பத்தாவதில் பள்ளியின் சதவீதத்தைக் குறைத்துவிடுவான் என்று யார்மேல் சந்தேகமோ, அந்தப் பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு ‘ஃபார்ம் 17’ போட்டுவிடுங்கள் என்பார்கள். தனித்தேர்வராக எழுதுவதற்கான படிவம் அது. படிப்பை இடையில் விட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு நல்ல வழி. பதினாலு வயசுப் பையனை வகுப்பை விட்டு அனுப்பவும் அதே படிவம்தான்.

போன வருஷம் அப்படி ஒரு பையனின் அம்மா என்னிடம் வந்தார். பையன் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்துவிட்டு எட்டாவதில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியவன். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. “டீச்சர், ஓபன் ஹவுஸுக்குக் கூப்புட்டுருக்காவ. எனக்கு அவங்க பேசுறது பாதி வெளங்காது, நீங்க கூட வாங்களேன்” என்றார். போனேன்.

எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெற்றோரிடம் அந்த டீச்சர் ஒவ்வொரு பேப்பராக விரித்து, எங்கே மார்க் போனது, எந்தப் பாடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும், டயக்ராமில் லேபிள் விட்டுவிட்டான் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல டீச்சர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. எங்கள் முறை வந்தது. பேப்பர்களை மொத்தமாகத் தள்ளி வைத்துவிட்டு ஹிந்தியில், “கவனமே இல்லை, இங்கிலீஷும் இல்லை, வீட்டில் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?” என்றார். அந்த அம்மாவுக்குக் கடை ஹிந்தி போதும், இதற்குப் போதாது. பையனே தன்னைப் பற்றிய அந்தத் தீர்ப்பைத் தன் அம்மாவுக்குத் தமிழில் சொன்னான். ஒரு வார்த்தையையும் குறைக்கவில்லை. அதற்குள் அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சயின்ஸ் பேப்பரை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தாமிரப் பாத்திரத்தைத் துலக்கப் புளியோ எலுமிச்சையோ ஏன் பயன்படுத்துகிறோம் என்று ஒரு 2 மார்க் கேள்வி. பையன் எழுதியிருந்த இங்கிலீஷை அப்படியே தமிழாக்கினால் இப்படி வரும்: ‘புளியில் ஆசிட் இருக்குது. பாத்திரம் மேல் பச்சை வந்தது காப்பர் கார்பனேட். ஆசிட் அதைச் சாப்பிடும். பாத்திரம் பழையது போல் ஆகிவிட்டது.’ காலமும் வினையும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, எழுத்துப்பிழை மூன்று. ஆனால் வேதியியல் சரி. ஈரக்காற்றில் தாமிரத்தின்மேல் படியும் பச்சை கார்பனேட்டைப் புளியின் அமிலம் கரைக்கிறது, அவ்வளவுதான் பதில். கிடைத்தது அரை மார்க். பக்கத்தில் சிவப்பு மையில் ‘லாங்வேஜ்!’

அதே டிவிஷனில் படிக்கும் சயன் கட்டடத்துப் பிள்ளையின் பேப்பரும் அடுத்த நாள் என் மேஜைக்கு வந்தது. அதே கேள்வி. பாடப்புத்தக வாக்கியம், அழகான கையெழுத்து, அதே கருத்து. அமிலத்தின் பெயரை அவளும் எழுதவில்லை, வினைச் சமன்பாடும் இல்லை. 2 மார்க். முலுண்டில் இருக்கும் என் தோழி, திருத்திய பேப்பர்களை மறுபடி சரிபார்க்கும் போர்டு மாடரேட்டராக இருந்தவர். பையனின் பதிலை மட்டும் காட்டினேன். “கருத்து முழுசா இருக்கே, இது சயின்ஸ் பேப்பர்தானே” என்று 2 போட்டார்.

இதைப் படித்ததும் அந்த டீச்சரைத் திட்டத் தோன்றும். நான் திட்ட மாட்டேன். பிற்பாடு அவரிடமே போய்ப் பேசினேன். “அந்தப் பையன் பாவம் டீச்சர். வீட்டில் படித்தவர்கள் இல்லை, உட்கார இடமில்லை. டென்த் அழுத்தத்தை அவன் தாங்க மாட்டான். இன்னொரு வருஷம் நிதானமாகப் படிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்” என்றார். மனசார இரக்கப்பட்டுச் சொன்னார். எனக்குக் கவலை தருவது இந்த இரக்கம்தான். வெறுப்பு இருந்தால் வெளியே தெரிந்துவிடும், சண்டை போடலாம். ‘பாவம், இவனால் முடியாது’ என்ற எண்ணம் பேனாவைப் பிடிக்கிற கைக்கே தெரியாமல் வேலை செய்யும். அரை மார்க்காக இறங்கும். ஓபன் ஹவுஸில் ஒரு நிமிஷப் பேச்சாக இறங்கும். கடைசியில் ஃபார்ம் 17ஆக வந்து நிற்கும்.

மார்க் என்பது அசையாத அளவு என்ற நம்பிக்கை நூறு வருஷத்துக்கு முன்பே உடைந்த நம்பிக்கை. 1912இல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரே இங்கிலீஷ் விடைத்தாளின் நகல்களைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். மார்க்குகள் சகட்டுமேனிக்குச் சிதறின. மொழிப் பாடம் அப்படித்தான் இருக்கும் என்றார்கள் சிலர். அடுத்த வருஷம் வடிவகணித விடைத்தாளை வைத்துச் செய்தார்கள், சிதறல் இன்னும் அதிகமானது. ஒரே பேப்பருக்கு 30க்குக் கீழேயும் போட்டார்கள், 90க்கு மேலேயும் போட்டார்கள். ஒருவர் நேர்த்தி இல்லை, எழுத்துப்பிழை என்று மார்க் குறைத்தார், ஒருவர் விடை சரியா என்று மட்டும் பார்த்தார். இவ்வளவு இடைவெளி இருக்கிற இடத்தில் பிள்ளையின் பெயரும் முகமும் விலாசமும் நுழைய வழி கிடைப்பதில் ஆச்சரியமில்லை.

நுழைகிறதா என்று இந்தியாவிலேயே சோதித்தவர்கள் ரீமா ஹன்னாவும் லீ லிண்டனும். 2012இல் வெளியான ஆய்வு அது. பிள்ளைகளுக்கு ஒரு பரிசுத் தேர்வு வைத்து, விடைத்தாள்களின் முகப்புத் தாளில் வயது, பாலினம், சாதி ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். முகப்பில் இருக்கும் சாதிக்கும் உள்ளே இருக்கும் விடைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே தரமான விடைக்கு, ஒடுக்கப்பட்ட சாதி என்று எழுதியிருந்தால் மார்க் குறைந்தது. எவ்வளவு? பிள்ளைகளின் மார்க்குகள் எந்த அளவு சிதறிக் கிடக்குமோ, அந்தத் திட்டவிலக்கத்தில் 0.03 முதல் 0.08 பங்கு. 100 மார்க் பேப்பரில் அது ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை மார்க்.

இவ்வளவுதானா என்று கேட்கலாம். பாஸ் மார்க் 35 என்று இருக்கும் ஊரில் 34க்கும் 35க்கும் நடுவே என்ன இருக்கிறது என்று ஒன்பதாவதில் ஃபெயிலான பிள்ளையின் வீட்டில் போய்க் கேட்க வேண்டும். ஆனால் அந்த ஆய்வில் என்னை நிறுத்தி வைத்தது வேறு இரண்டு விஷயங்கள்.

முதலாவது, மார்க்கைக் குறைத்தவர்கள் பெரும்பாலும் ஆதிக்க சாதி ஆசிரியர்கள் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்தே வந்த ஆசிரியர்கள்தான். எனக்கு இது முதலில் வலித்தது, பிறகு மும்பையைப் பார்த்தபோது புரிந்தது. இந்த ஊரில் பள்ளிப் பதிவேட்டில் குடும்பப் பெயர் முதலில், பிள்ளையின் பெயர் அடுத்து, அப்பா பெயர் கடைசி. மராத்திப் பிள்ளையின் குடும்பப் பெயரை வைத்து மராத்தி டீச்சருக்குச் சாதி பெரும்பாலும் தெரிந்துவிடும். தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்கு அந்தக் கட்டத்தில் தாத்தா பெயரோ ஊர்ப் பெயரோ இருக்கும். அதை வைத்து மராத்தி டீச்சரால் ‘மதராஸி’ என்பதைத் தாண்டி எதுவும் கண்டுபிடிக்க முடியாது. தமிழ் டீச்சரால் முடியும். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை, வீட்டில் எந்தத் தமிழ் பேசுகிறார்கள் என்ற நாலு கேள்வியில் அவர் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார். தானே அந்த இடத்திலிருந்து கஷ்டப்பட்டு மேலே வந்தவராக இருந்தால், ‘இவன் எவ்வளவு தூரம் போவான் என்று எனக்குத் தெரியும்’ என்ற உறுதியும் கூடவே வரும். எங்கள் பிள்ளைகளிடம் எங்கள் டீச்சர்களே ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று தாராவியில் அம்மாக்கள் கேட்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது, பாரபட்சம் கட்டின் ஆரம்பத்தில் திருத்திய பேப்பர்களில் அதிகமாக இருந்தது, போகப்போகக் குறைந்தது. பேப்பர் திருத்தியவர்களுக்கு இது உடனே விளங்கும். முதல் சில பேப்பர்களில் இந்தக் கேள்விக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்ற அளவு கைக்கு வந்திருக்காது. அப்போது கண் அக்கம்பக்கத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கும். பெயர், கையெழுத்து, போன டெர்மில் இவன் வாங்கியது, இவன் அண்ணன் எப்படி. பத்திருபது பேப்பர் தாண்டியபின் விடையே விடையை அளக்கத் தொடங்கிவிடும். இதை ஆறுதலான செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியரின் மனசை மாற்றித்தான் தீர வேண்டும் என்றில்லை, வேலை செய்யும் முறையை மாற்றினாலே பாதி சரியாகும் என்று அது சொல்கிறது.

அண்ணன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் சைமன் பர்ஜஸ், எலன் கிரீவ்ஸ் என்ற பொருளியலாளர்கள் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்குச் சொந்த டீச்சர் கொடுத்த மதிப்பீட்டையும், வெளியாள் திருத்திய தேர்வையும் ஒப்பிட்டார்கள். கரீபியக் கறுப்பினப் பிள்ளைகளை டீச்சர்கள் தேர்வு காட்டியதைவிடக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். சீன, இந்திய வம்சாவளிப் பிள்ளைகளைக் கூட்டி மதிப்பிட்டிருந்தார்கள். அந்தந்தப் பள்ளியில் அதே சமூகத்திலிருந்து முன்பு வந்த பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்பதைப் பொறுத்து இது கூடியது, குறைந்தது. இங்கிலாந்தில் கூட்டிப் போட வைக்கும் அதே இந்திய முகம் தாராவியில் குறைத்துப் போட வைக்கிறது. முகத்திலோ ரத்தத்திலோ ஒன்றுமில்லை. எங்கள் பிள்ளைகளிடம் டீச்சர்கள் கேட்கும் ‘ஓ, நீ அவன் தம்பியா?’ என்ற கேள்விதான் அங்கே புள்ளிவிவரமாக வந்திருக்கிறது.

மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். 1960களில் ராபர்ட் ரோசன்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் கலிஃபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளியில் குலுக்கலில் சில பிள்ளைகளைப் பொறுக்கி, இவர்கள் இந்த வருஷம் மலரப்போகிறார்கள் என்று டீச்சர்களிடம் சொன்னார்கள். வருஷக் கடைசியில் முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். ஆசிரியர் நம்பினால் பிள்ளை உயரும் என்று உலகம் முழுக்க இதைச் சொல்கிறார்கள். ஆனால் அதன்பின் வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த லீ ஜசிம், கென்ட் ஹார்பர் இருவரும் 2005இல் சொன்னது நிதானமானது. எதிர்பார்ப்பின் விளைவு உண்மைதான், ஆனால் பொதுவாகச் சிறியது. ஆசிரியரின் கணிப்பு பெரும்பாலும் பலிப்பதற்குக் காரணம் அவர் பிள்ளையைச் சரியாகக் கணித்திருப்பதே. ஏற்கனவே தாழ்த்திப் பார்க்கப்படும் கூட்டத்துப் பிள்ளைகளிடம்தான் விளைவு பெரிதாகலாம். எனக்கு இது ஏற்புடையதாகவே இருக்கிறது. நாற்பது பிள்ளைகளில் முப்பது பேரைப் பற்றி அனுபவமுள்ள டீச்சர் சொல்வது அப்படியே சரியாக இருக்கும். நான் பேசுவது மீதிப் பத்துப் பேரைப் பற்றி. அந்தப் பத்துப் பேரும் ஏன் எப்போதும் ஒரே பக்கத்துத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பதைப் பற்றி.

மார்க் போடும்போது மட்டும் பின்னணி நுழைவதில்லை. எழுதும்போதே நுழைந்துவிடுகிறது. கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமத்தில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பையன்களுக்குப் புதிர்ப்பாதைகள் கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தீர்த்தன. பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டுக் கொடுத்தபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. அதே மாதிரிப் பையன்கள், அதே மாதிரிப் புதிர்.

நம் வகுப்பறைகளில் இது தினமும் நடக்கிறது. “ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வாங்க வேண்டியவர்கள் எழுந்து நில்லுங்கள்.” கேட்லாக் எனும் வருகைப் பதிவேட்டை முடித்த கையோடு, யூனிட் டெஸ்ட் பேப்பர் கொடுப்பதற்கு முன்னால், வேலையோடு வேலையாகச் சொல்லிவிடுவார்கள். எழுந்து நின்ற பிள்ளை உட்கார்ந்து எழுதத் தொடங்கும்போது அதன் கையில் பேனா மட்டும் இல்லை. இதற்கு ஆய்வும் வேண்டாம், நிதியும் வேண்டாம். ஃபார்மைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்கலாம். நாளைக்கே செய்யலாம்.

இந்த ஊரில் இந்தப் பேச்சு வரும்போது அம்பேத்கரைத் தாண்டிப் போக முடியாது. பரேலில் ஒற்றை அறை வீட்டிலிருந்து எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளிக்குப் போனவர். சமஸ்கிருதம் படிக்க விரும்பியும் விடாததால் பாரசீகம் படித்தார். 1907 மெட்ரிக்குலேஷனில் அவர் வாங்கியது 750க்கு 282. அந்த எண்ணை மட்டும் வைத்து இந்தப் பையன் எதுவரை போவான் என்று யாரைக் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்கள்? அதே காலத்தில் வில்சன் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர், சர்னி ரோடு தோட்டத்தில் தினமும் தனியாக உட்கார்ந்து படிக்கும் ஒரு பையனைக் கவனித்தார். தன் பள்ளி மாணவன்கூட இல்லை. பேசினார், புத்தகம் கொடுத்தார், பிறகு பரோடா மகாராஜா சாயாஜிராவிடம் உதவித்தொகைக்கும் வழி செய்தார். கேளுஸ்கருக்கு அந்தப் பையனின் பின்னணி நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவும் செய்தார்.

நான் சொல்ல வருவதும் இதுதான். பிள்ளை எங்கிருந்து வருகிறது, வீட்டில் விளக்கு எரியுமா, எந்த மொழியில் யோசிக்கிறது, யார் கூட இருக்கிறார்கள் என்பதெல்லாம் டீச்சருக்குத் தெரிந்தே ஆக வேண்டும், சொல்லிக் கொடுப்பதற்காக. எட்டாவதில்தான் இங்கிலீஷ் மீடியம் வந்தவன் என்று தெரிந்தால் அவனுக்கு வேறு மாதிரி சொல்லிக் கொடுக்கலாம். அதே தகவல், பேப்பர் கட்டைப் பிரிக்கும் மேஜையில் இருக்கக் கூடாது. இப்போது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பாடம் நடத்தும்போது எல்லோரும் ஒரே மாதிரி என்று நடத்துகிறோம், மார்க் போடும்போது யார் பிள்ளை என்று ஞாபகம் வருகிறது.

2021இல் கொரோனாவால் பத்தாவது தேர்வே நடக்கவில்லை. அப்போது போர்டு கொடுத்த கணக்கில் 50 மார்க் ஒன்பதாம் வகுப்பு ரிசல்ட்டிலிருந்து, 30 பத்தாவதின் பள்ளித் தேர்வுகளிலிருந்து, 20 இன்டர்னல். தேர்ச்சி 99.95 சதவீதம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரும் ஜெயித்தார்கள். உள்ளே பார்த்தால், பதினோராவது, பன்னிரண்டாவது படிக்க யாருக்கு எந்த ஜூனியர் காலேஜ் என்பதை முழுக்க முழுக்கச் சொந்தப் பள்ளியின் மார்க் தீர்மானித்த வருஷம் அது, அதிலும் பாதி, ஒன்பதாவது டீச்சர் என்றோ போட்டது. பதினோராவது சேர்க்கைக்குப் பொதுத் தேர்வு வைக்கிறோம் என்று அரசு அறிவித்தது, ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நோய்க் காலத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகளை மையங்களுக்கு வரவழைப்பது ஆபத்து என்பது நியாயம்தான். ஆனால் பேர் தெரியாத ஒருவர் திருத்தும் பேப்பருக்காகக் காத்திருந்த பிள்ளைகள் தாராவியில் இருந்தார்கள். அவர்கள் தரப்பை யாரும் பேசவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் எழுத்துத் தேர்வாக்கிவிடு என்று நான் சொல்ல மாட்டேன். 2019 அதைத்தான் செய்தது, அடி வாங்கியவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். மூன்று மணி நேரத்தில் இங்கிலீஷில் எழுதித் தள்ளுவதும் ஒரு பின்னணிதான், வீட்டில் இங்கிலீஷ் இருப்பவர்களுக்கு அது முன்பே கையில் இருக்கிறது. பள்ளி மதிப்பீடு இருக்கட்டும். போடும் விதம் மாற வேண்டும்.

என் க்ளாஸில் படிக்கும் பிள்ளைகளின் பள்ளிகளில் ஒன்றில் தலைமையாசிரியை இதைக் காதுகொடுத்துக் கேட்டார். ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் ஏ டிவிஷன் பேப்பரை பி டிவிஷன் டீச்சர், பி டிவிஷன் பேப்பரை ஏ டிவிஷன் டீச்சர் என்று மாற்றிக்கொண்டார்கள். முதல் பக்கத்தை மடித்துப் பின் அடித்துவிட்டு ரோல் நம்பர் மட்டும் வெளியே தெரியும்படி வைத்தார்கள். ஒரு பேப்பரை முழுசாகத் திருத்தாமல், எல்லோருடைய முதல் கேள்வியையும் முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போனார்கள். கட்டின் முதல் பத்துப் பேப்பரைக் கடைசியில் மறுபடி பார்த்தார்கள். 2 மார்க் கேள்வியில் எதற்கு 1, எதற்கு இன்னொரு 1 என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். சயின்ஸிலும் சமூக அறிவியலிலும் மொழிப்பிழைக்கு மார்க் குறைப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். கூடுதல் செலவு பின்னூசி மட்டும். இத்தாலியில் இதைவிட எளிய ஒன்றே பலன் தந்திருக்கிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களைப் பற்றித் தங்களுக்கு உள்ளுக்குள் இருந்த சாய்வை ஒரு சோதனை வழியாக ஆசிரியர்களுக்குக் காட்டினார்கள். மார்க் போடுவதற்கு முன்பே தன் சாய்வைத் தெரிந்துகொண்டவர்கள், தெரியாதவர்களைவிட அந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் மார்க் போட்டார்கள்.

புளி பதில் எழுதிய பையனின் பள்ளி வேறு. அங்கே பேப்பர்களை மறுபடி பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். சயின்ஸிலும் ஜாகரஃபியிலும் மார்க் கூடியது, இங்கிலீஷில் கூடவில்லை. ஃபார்ம் 17 பேச்சு நின்றது. இப்போது அங்கேயே பத்தாவது படிக்கிறான், போர்டு தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வான ப்ரிலிம்ஸ் வரப்போகிறது.

மாற்றத்துக்கு ஒப்புக்கொண்ட பள்ளியில் இன்னும் தீராத ஒன்று ஓரல், அதாவது வாய்மொழித் தேர்வு. அங்கே பின் அடிக்க முதல் பக்கம் இல்லை, முகமும் குரலும் சட்டையுமே விடைத்தாள். இரண்டு டீச்சர்கள் தனித்தனியாக மார்க் எழுதிக் கடைசியில் ஒப்பிடலாம், ஒருவர் வேறு டிவிஷனில் இருந்து வரட்டும் என்று கேட்டிருக்கிறேன். நேரமில்லை என்கிறார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. ஒரு டிவிஷனில் அறுபது பிள்ளைகள், ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றாலே மூன்று மணி நேரம் ஆகிறது. எல்லோருக்கும் முடியாவிட்டால், இரண்டாவது டீச்சர் ஐந்தில் ஒரு பிள்ளையையாவது கேட்கட்டும், இரண்டு மார்க்குக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வருகிறது என்று ஒரு டெர்ம் மட்டும் குறித்துப் பார்ப்போம் என்று மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். தீபாவளி லீவுக்கு முன்னால் ஸ்டாஃப் மீட்டிங்கில் அதை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.